பழைய பத்மினிக்குப் புது ஸ்டீரியோ: கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி காரை இன்னும் வைத்திருக்கிறேன். வீடு ராயபுரம். புளூடூத் ஸ்டீரியோ ஒன்று வாங்கினேன். சிவப்பு, மஞ்சள் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி சாவி சுவிட்சில் கொடுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா?

பதில்: வேண்டாம். பாட்டு வரும்தான். ஆனால் சாவியை எடுக்கும்போதெல்லாம் நேரமும் நீங்கள் வைத்த ஸ்டேஷன்களும் அழிந்துபோகும். அதைவிடப் பெரிய சிக்கல் சுவிட்சுக்குத்தான். பெரும்பாலான செட்களில் பாட்டுக்கான கரண்ட் மஞ்சள் வயரில்தான் போகிறது. சிவப்பு செட்டை எழுப்பிவிடுவதோடு சரி. இன்ஜின் காயிலுக்கும் கரண்ட் கொடுக்கிற அந்தப் பழைய சுவிட்சின் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றக் கூடாது.

மஞ்சளுக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் தனியாக இழுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். செட்டின் முதுகில்தான் ஃபியூஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது செட்டைக் காக்கும். வழியில் வயர் நசுங்கி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது பேட்டரி பக்கத்து ஃபியூஸ்தான். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் உதிர்ந்திருந்தால் புதிது போடுங்கள். சிவப்பை, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸில் கொடுத்தால் போதும்.

அடுத்தது கறுப்பு, அதாவது எர்த். கடற்காற்று அடிக்கிற உங்கள் பக்கத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். டேஷ்போர்டுக்குக் கீழே கிடைத்த ஏதோ ஒரு ஸ்க்ரூவில் சுற்றிவிடாதீர்கள். பெயின்டையும் துருவையும் பளபளக்கும் தகரம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். அப்புறம் பாட்டைச் சத்தமாக வைத்து, செட்டின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

பழைய ரேடியோவின் ஸ்பீக்கர் வயர் எதையும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். அந்தக் காலத்தில் ஸ்பீக்கரின் ஒரு முனையை பாடியிலேயே கொடுத்துவிடுவது உண்டு. புது செட்டின் ஸ்பீக்கர் வயர் பாடியைத் தொட்டால் உள்ளே இருக்கும் ஐசி (சிப்) போய்விடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர் தனியாகப் போக வேண்டும்.

உங்கள் வண்டியில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற ஆல்டர்னேட்டர் இல்லாமல் பழைய டைனமோ இருந்தால், இன்ஜின் ஐடிலில் ஓடும்போது சார்ஜ் ஏறவே ஏறாது. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஹெட்லைட் எரிய நிற்கும்போது ஸ்டீரியோவும் பேட்டரியைத்தான் தின்னும். எனவே தனி ஆம்ப்ளிஃபயர் ஆசை வேண்டாம். வண்டியை வாரக்கணக்கில் எடுக்கவில்லை என்றால் மஞ்சள் வயரின் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். நெகட்டிவ் என்றால் அதைக் கழற்றிவிட்டு ஆரம்பிக்கலாம். பாசிட்டிவ் போகிறது என்றால் இந்த செட்டை அதில் மாட்டவே கூடாது.