அமெரிக்கக் கனவு என்பதன் பொருள் சமூகத்திலும் கதைகளிலும் எப்படி மாறியிருக்கிறது?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, நீங்கள் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறீர்கள், நாளை மறுநாள் அசைன்மென்ட் கொடுக்க வேண்டும். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் ஐந்து வருடம் அமெரிக்க இலக்கியம் எடுத்தவள் நான். இந்தக் கேள்வி வருடா வருடம் பதினைந்து மதிப்பெண்ணுக்கு வரும். விடையும் கைடைப் பார்த்து வருடா வருடம் ஒன்றேதான்: கனவு கண்டார்கள், பணம் வந்தது, மனம் கெட்டது, கனவு கலைந்தது. நானும் பேசாமல் பதினொன்று போட்டுவிடுவேன். 2004-ல் கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து சில வருடம் கழித்துத்தான், ஒரு நாடகத்தை நான் அடியோடு தப்பாக நடத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது.

முதலில் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொற்றொடரைப் பரப்பியவர் ஜேம்ஸ் ட்ரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர். 1931-ல் வந்த 'தி எபிக் ஆஃப் அமெரிக்கா' என்ற நூல். வருடத்தைக் கவனியுங்கள். பங்குச் சந்தை விழுந்து இரண்டு வருடம், எங்கு பார்த்தாலும் வேலையில்லாக் கூட்டம். அந்த நேரத்தில் அவர் சொன்னது, இது வெறும் கார், கைநிறையச் சம்பளம் பற்றிய கனவு இல்லை, யார் வயிற்றில் பிறந்திருந்தாலும் ஒருவர் தன்னால் முடிந்த உயரத்துக்கு வளர இடம் கொடுக்கும் சமூகம் பற்றிய கனவு என்று. காரைப் பற்றியது இல்லை என்று சொல்லி வைத்த பெயர், இன்று கார் விளம்பரத்துக்குத்தான் பொருத்தமாக இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஹொரேஷியோ ஆல்ஜர். ஷூ பாலிஷ் போடும் பையன் கோடீஸ்வரன் ஆகிற கதைகளை எழுதியவர் என்று கைடில் இருக்கும். 1868-ல் புத்தகமாக வந்த 'ராகட் டிக்'கைப் படித்துப் பாருங்கள். அந்தப் பையன் தண்ணீரில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றுகிறான், குழந்தையின் அப்பா அவனுக்கு வாரம் பத்து டாலரில் குமாஸ்தா வேலை போட்டுக் கொடுக்கிறார். அவ்வளவுதான். கௌரவமான ஒரு குமாஸ்தா வேலை, அதுவும் ஒரு பெரிய மனிதர் கண்ணில் பட்டதால். நம் ஊர் அப்பாக்கள் கண்ட கனவும் இதேதான்.

ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' (1925) நாவலை நடத்துவதில் எனக்குக் கஷ்டமே இருந்ததில்லை. கேட்ஸ்பி தன் வீட்டுப் புல்வெளியில் நின்று, விரிகுடாவின் மறுகரையில் பழைய காதலி டெய்சியின் வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கைப் பார்க்கிறான். 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்று போர்டில் எழுதுவேன், வகுப்பே சிரித்துவிடும். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை உண்டு.

தப்பு நடந்தது ஆர்தர் மில்லரிடம். 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகம், 1949. வில்லி லோமன் முப்பது நாற்பது வருடம் ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்றவன். வேலை போகிறது. இருபதாயிரம் டாலர் இன்ஷூரன்ஸ் பணம் பிள்ளைக்குப் போகட்டும் என்று காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சாகிறான். கல்லறையில் மனைவி லிண்டா சொல்லி அழுவது, வீட்டுக்கான கடைசித் தவணையை இன்றைக்குத்தான் கட்டினேன் என்று. இந்தக் கடனுக்கு நாடகத்தில் 'மார்ட்கேஜ்' என்று ஒரு சொல் வருகிறது. அதை நான் 'அடமானம்' என்று சொல்லிக்கொடுத்தேன். அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். அவள் அப்பாவுக்குப் பாத்திரப் பட்டறை. "மேடம், எங்க வீட்டையும் அடமானம் வெச்சிருக்கோம். மீட்டாச்சுன்னா சந்தோஷம்தானே, அந்தம்மா ஏன் வீட்டைச் சொல்லி அழறாங்க?" புருஷன் செத்துப்போன துக்கம் என்று ஏதோ சொல்லி, மணியடித்ததைச் சாக்காக வைத்து வெளியே வந்துவிட்டேன்.

நம் ஊரில் அடமானம் என்றால் இருக்கிற வீட்டைக் கொண்டுபோய் வைப்பது. அது ஒரு இறக்கம், வெளியே சொல்ல வெட்கம். என்னிடம் படித்த பிள்ளைகள் அத்தனை பேரும் வில்லியை ஊதாரி என்று நினைத்துக்கொண்டுதான் பரீட்சை எழுதியிருப்பார்கள். ஆனால் அவன் வீட்டை இழந்து கடன் வாங்கியவன் இல்லை, கடன் வாங்கித்தான் வீட்டுக்குள்ளேயே வந்தவன். இருபத்தைந்து வருடக் கடன். அதைக் கட்டி முடிப்பது ஒரு சாதனை என்று கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் இடமே நாடகத்தில் உண்டு. அமெரிக்காவில் மார்ட்கேஜ் இருப்பவன்தான் பெரிய மனிதன். இல்லாதவன் வாடகைக்காரன்.

இது தானாக வந்த வழக்கமும் இல்லை. 1930-களுக்கு முன்னால் வீட்டுக் கடன் என்றால் பெரும்பாலும் பாதிப் பணத்தை முதலிலேயே வைக்க வேண்டும், மிச்சத்தைச் சில வருடத்துக்குள் அடைக்க வேண்டும். 1934-ல் அரசாங்கம் கடனுக்குக் காப்பீடு கொடுக்க ஒரு அமைப்பை ஏற்படுத்திய பிறகுதான் நீண்ட காலத் தவணை சாதாரண ஆட்களுக்கும் வந்தது. 1944-ன் ஜி.ஐ. சட்டத்தால் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வீடு கிடைத்தது, ஆனால் கறுப்பினச் சிப்பாய்கள் பெரும்பாலும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆடம்ஸ் சொன்ன 'சமூகம்' வேலி போட்ட வீடாகச் சுருங்கியது அப்போதுதான் என்பது என் கருத்து. லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' (1959) நாடகத்திலும் பத்தாயிரம் டாலர் இன்ஷூரன்ஸ் பணமும் ஒரு வீடும்தான் கதை. வெள்ளையர் தெருவில் வாங்கிய வீட்டுக்காக அவருடைய அப்பா உச்ச நீதிமன்றம் வரை போனவர், 1940-ல் தீர்ப்பு வந்தது.

சரி, என் கதை. 2006-ல், விலை உச்சத்தில் இருந்தபோது, முப்பது வருடக் கடனில் ஒரு டவுன்ஹவுஸ் வாங்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் கார் தொழிற்சாலையில் இருந்தவர், அது 2004-ல் மூடப்பட்டது. அவர் அப்பா ஜி.ஐ. கடனில் வீடு வாங்கி, கட்டி முடித்து, சொந்த வீட்டில் செத்தவர். இவரோ வீட்டின் மேலேயே மறுபடி மறுபடி கடன் வாங்கினார். 2008-க்குப் பிறகு விலை சரிந்ததில் கடன் வீட்டு விலையைத் தாண்டிவிட்டது. அதை இங்கே 'அண்டர்வாட்டர்' என்கிறார்கள். முதலில் அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் எம்.ஏ. ஃபீஸுக்காக அம்மா வைத்த ரெட்டை வடச் சங்கிலியைப் பற்றி வீட்டில் சொன்ன வார்த்தை, "மூழ்கிப் போச்சு."

2010-ல் அவர் காலி செய்தார். மகள் வீட்டுக்கு ஃப்ளோரிடா போகிறேன், அங்கே இது எதற்கு என்று பனி அள்ளும் ஷவலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீடும் அப்போது தண்ணீருக்குள்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரிந்தது: இருபத்தைந்து வருடம் கட்டிய கடன் முடிந்த நாளில், அந்த வீட்டில் இருக்க வில்லி இல்லை, அதற்குத்தான் லிண்டா அழுகிறாள்.

சொந்த வீடு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த வீட்டின் பின்பக்கம் அவ்வளவு வெயில் அடிக்கும். ஒரு நாள் நாலு புடவையைக் கொடி கட்டிக் காயப்போட்டேன். குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம், போட்டோவோடு. தோற்றம் கெடுகிறதாம். மாதா மாதம் அவர்களுக்கு நான் பணம் வேறு கட்டுகிறேன். ஜூலை மாதத்தில், வெளியே தீயாக வெயில் எரிய, உள்ளே கரண்ட்டைச் செலவழித்துக் காட்டன் புடவையை டிரையரில் போட்டுச் சுருங்கவைக்கும் ஊர் இது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். பதினைந்து வருடமாக ஆறவில்லை.

"இவ்வளவு குறை சொல்கிறவள் திரும்பிப் போக வேண்டியதுதானே" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: நான் குறை சொல்லவில்லை, என் பிள்ளைகள் நன்றாகத்தான் படிக்கிறார்கள். ஆனால் கணவரின் வேலை விசாவை ஒட்டி மனைவிக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில் வந்த என்னைப் போன்றவர்கள் வேலைக்குப் போகவே அனுமதி 2015-ல்தான் வந்தது, அதுவும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான். பதினோரு வருடம் பொது நூலகத்தில் உட்கார்ந்து, நான் நடத்திய புத்தகங்களையே திரும்பப் படித்தேன். இங்கே பிறந்தவர்களுக்கும் கதை மாறிவிட்டது. ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞரின் குழுவினர் போட்ட கணக்குப்படி, 1940-ல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள், 1980-களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். இப்போது என்னோடு வேலை பார்க்கும் இளம் பிள்ளைகள் வீட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. கல்விக் கடனை அடைத்துவிட்டால் போதும் என்கிறார்கள்.

2021-ல் வட்டி குறைந்ததென்று என் கணவர் ரீஃபைனான்ஸ் செய்தார், அதாவது பழைய கடனை அடைத்துவிட்டுப் புதுக் கடன் வாங்கினார். மறுபடியும் முதல் தவணையிலிருந்து முப்பது வருடம், 2051 வரை. எனக்கு அப்போது எழுபத்தைந்து வயது ஆகியிருக்கும்.

தேர்வுக்கு இதையெல்லாம் எழுதிவிடாதீர்கள். பதினொன்றுகூட வராது.