கடைக்கு ஒரு நாட்காட்டி, சர்ச்சுக்கு ஒரு நாட்காட்டி

தம்பி, செப்டம்பரிலேயே லண்டன் கடைகளில் கிறிஸ்துமஸ் சாமான் வந்துவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதி பெஞ்சு காலி, இந்த ஊர்க்காரர்களுக்கு உண்மையிலேயே பக்தி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள்.

அலமாரியைப் பார்த்துப் பக்தியை எடைபோட முடியாது. கடைக்குக் கிறிஸ்துமஸ் டிசம்பர் 24 மாலையோடு முடிந்துவிடும். 26ஆம் தேதி பாக்சிங் டே தள்ளுபடி. சர்ச்சுக்கு அந்த 24 இரவில்தான் தொடக்கம், ஜனவரி 6 திருக்காட்சி விழா வரை போகும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் திருவருகைக் காலம்: ஊதா அங்கி, காத்திருப்பு. கடைக்காரருக்கு அதுதான் வியாபார உச்சம்! ஈஸ்டரும் இப்படித்தான். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் பிறக்கும் முன்பே சாக்லேட் முட்டைகள் வந்துவிடும். நோன்பு இருப்பவர் நாற்பது நாளும் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும்.

பக்தியைத் தேடுவதென்றால் விற்க ஒன்றுமில்லாத நாட்களில் தேடுங்கள். தூய ஆவி இறங்கியதைக் கொண்டாடும் பெந்தெகொஸ்தே பெரிய திருநாள்தான், ஆனால் அதற்கென்று கடையில் ஒரு பொருள் கிடையாது. அதையொட்டி வந்த திங்கள் விடுமுறையையும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் மே மாதக் கடைசித் திங்களுக்கு மாற்றிவிட்டது. பெந்தெகொஸ்தே அன்றும், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மாலையிலும், பெரிய வெள்ளி பிற்பகல் 3 மணிக்கும் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். டிசம்பர் கரோல் கூட்டத்தில் பாதிப்பேர் பாட்டுக்காக வருபவர்கள். அதையும் நான் குறையாக எண்ணுவதில்லை.

இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கிறிஸ்தவர் என்றவர்கள் 2011இல் 59.3 சதவீதம், 2021இல் 46.2. இந்தச் சரிவுக்கு வியாபாரத்தை மட்டும் பழிப்பது சரியாகப் படவில்லை. 1647இல் தூய்மைவாதிகள் எனப்பட்ட கண்டிப்பான புராட்டஸ்டன்ட்டுகளின் கை ஓங்கியிருந்த நாடாளுமன்றம் கிறிஸ்துமஸையே தடை செய்தது. குடியும் கூத்தும் மிஞ்சிவிட்டன என்பது அவர்கள் புகார்களில் ஒன்று. அப்போது ஷாப்பிங் மால் ஏது?

சட்டம் பண்டிகைக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்றும் ஈஸ்டர் ஞாயிறன்றும் மூடியிருக்கும். சாமான்களை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். ஆபீஸில் சீக்ரெட் சாண்டா (சீட்டில் வந்த பெயருக்கு, யார் தந்தது என்று சொல்லாமல் பரிசு கொடுப்பது) வந்தால் அதில் மதம் எதுவுமில்லை. சொன்ன தொகைக்கு மேல் போகாமல் வாங்குங்கள், விருப்பமில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நள்ளிரவு ஆராதனைக்கு நடந்து போகும் தூரத்துச் சர்ச்சாகப் பாருங்கள். பல இடங்களில் 11.30க்கே தொடங்கிவிடும், முடிந்து வெளியே வரும்போது டியூபும் (சுரங்க ரயில்) இருக்காது, பஸ்ஸும் இருக்காது, 25 முழுக்க அப்படித்தான்.