பெரிய டயர் போட்டால் தோப்பு வாசலில் ஜிம்னி நுழையுமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் எங்களுக்கு முந்திரித் தோப்பு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் பாதையில் எங்கள் மாருதி ஜிம்னி ஜீப் வழுக்குகிறது. 235/75 ஆர்15 டயர் மாட்ட ஆசை. ஆனால் தோப்பு வாசலில் இரண்டு கல்தூண்கள், இடைவெளி ஐந்தே முக்கால் அடிதான். நுழையுமா?

பதில்: ஐந்தே முக்கால் அடி என்பது 175 செ.மீ. ஜிம்னியின் அகலம் 164.5. கண்ணாடிகளை மடக்கினாலும் பக்கத்துக்கு ஐந்து செ.மீ.தான் மிச்சம்.

டயர் அளவில் முதல் எண் அதன் அகலம், மில்லிமீட்டரில். இப்போதுள்ள 195 டயரில், பின்சக்கரங்களின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு சுமார் 160 செ.மீ. ரிம் உட்காரும் இடம் மாறாமல் 235 போட்டால் 164. அதாவது மட்கார்டுக்குள்ளேயே அடங்கும். சிக்கல் ரிம்மில்தான். கம்பெனி ரிம் 5.5 அங்குலம், 235/75-க்குக் குறைந்தது 6 வேண்டும். கடையில் கிடைக்கும் அகல ரிம்கள் பெரும்பாலும் சக்கரத்தை வெளியே தள்ளும். ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. தள்ளினாலே டயர் மட்கார்டைத் தாண்டி 168 ஆகிவிடும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே உரசவும் செய்யும். அதைத் தவிர்க்க ஒடிப்பைக் குறைத்தால் வண்டி திரும்ப இன்னும் அதிக இடம் கேட்கும். ஒடுங்கிய பாதையில் அது பெரிய நஷ்டம்.

ஆனால் எனக்கு டயரைவிட மழையில் அந்த வாசலில் விழும் வண்டித்தடப் பள்ளத்தைப் பற்றித்தான் கவலை. தூண் பக்கம் ஒரு சக்கரம் 12 செ.மீ. பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஐந்து டிகிரி சாயும். நாலடி உயரத்தில் அது 10 செ.மீ. நகர்வு. உங்களிடம் இருப்பதோ ஐந்து! எந்த டயர் போட்டாலும் கதவு தூணில் உரசும். அதனால் டயர் வாங்கும் முன் அங்கே சரளை கொட்டிச் சமப்படுத்துங்கள். வாசலை ஒட்டி வளைவு இருந்தால் அதையும் பாருங்கள். முழு ஒடிப்பில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தைவிட ஏறக்குறைய இரண்டடி உள்ளே வெட்டும். வண்டியை நேராக்கிய பிறகே தூண்களுக்குள் விடுங்கள்.

என் யோசனை, அதே ரிம்மில் 215/75 ஆர்15 ஏ.டி. (ஆல்-டெரெய்ன், தார்ரோட்டுக்கும் மண்பாதைக்கும் ஏற்ற) டயர். தரை இடைவெளி கூடுவது அரை செ.மீ.தான், அதற்காக வாங்க வேண்டாம். ஈரச் செம்மண்ணில் பிடிப்பைத் தருவது டயரின் பட்டன். ஸ்பேரையும் சேர்த்து ஐந்தாக மாற்றுங்கள். சேற்றில் இறங்கும்போது காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை குறைத்து மெதுவாக ஓட்டுங்கள், தார்ரோடு ஏறும் முன் திரும்ப நிரப்புங்கள். கையில் ஒரு சின்ன கம்ப்ரஸர் இருக்கட்டும்.

235தான் வேண்டும் என்றால், ஸ்பீடாமீட்டர் முள் 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல் போகும். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறான மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுங்கள்.