ஜீப்பில் போய்ச் செய்த வேலைக்கும் பணிக்கொடை உண்டு

கேள்வி: என் அம்மா 2011 முதல் 2024 டிசம்பர் வரை, கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் போய்க் கேரளத்தின் வண்டன்மேட்டுக்கு அருகிலுள்ள ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தார். தோட்டம் கொடுத்த நாள்கூலி கடைசியாக 450 ரூபாய். ஜீப் ஏஜென்ட் பிடித்தது போகக் கைக்கு வந்தது 380. மூட்டுவலியால் நின்றுவிட்டார். பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்டதற்கு, "நீ ஜீப்காரரின் ஆள், எங்கள் ஆள் இல்லை, அதோடு 2020இல் வேலை விட்டுப்போய்விட்டது" என்று மேனேஜர் திட்டி அனுப்பிவிட்டார். மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். என்ன செய்வது? — கம்பம் வாசகி.

பதில்: முதலில் ஏஜென்ட் விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் தாயார் எந்தத் தாளிலும், குறிப்பாக எதுவும் எழுதாத தாளிலும் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய தாளிலும், கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம். அந்தத் தாளில் பிறகு மலையாளத்தில் "எனக்கு வரவேண்டியது அனைத்தும் வந்துவிட்டது" என்று எழுதப்படுவதுதான் இந்த எல்லைப்பகுதியில் வழக்கமாக நடக்கும் மோசடி. கேட்டால், மனு எழுதத்தான் கையெழுத்து வாங்கினோம் என்பார்கள். அப்படி எழுதி வாங்கினாலும் பணிக்கொடை உரிமை அழிந்துவிடாது. அந்த உரிமைக்கு முரணான எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அதை அதிகாரியின் முன் நிரூபிக்க உங்களுக்கு ஓராண்டு அலைச்சலாகிவிடும். ஏஜென்டிடம் வாங்கிய முன்பணம் பாக்கி இருக்கிறது என்று சொல்லிப் பணிக்கொடையில் கழிக்கவும் இடமில்லை. நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டுவந்துகூடப் பணிக்கொடையை ஜப்தி செய்ய முடியாது என்றிருக்கும்போது, ஒரு ஜீப் ஏஜென்டின் நோட்டுப்புத்தகக் கணக்கு எம்மாத்திரம்?

"ஜீப்காரரின் ஆள்" என்ற வாதம் சட்டத்தின் முன் நிற்காது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951ஆம் ஆண்டே, நேரடியாகவோ ஏதேனும் முகவர் வழியாகவோ தோட்டத்தில் வேலைக்கு வைக்கப்பட்டவர் தொழிலாளியே என்று வரையறுத்துவிட்டது. ஐந்து ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 12 ஏக்கர் பரப்பும் 15 தொழிலாளர்களும் உள்ள ஏலத்தோட்டம் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அத்தகைய தோட்டங்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன என்று யாராவது குழப்பினால் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் தாயார் அதற்கு முன்பே வேலையிலிருந்து நின்றவர். புதிய சட்டத்திலும் ஆண்டுக்கு 15 நாள் கூலி என்ற கணக்கு அப்படியே இருக்கிறது.

இனி அந்த 2020 விவகாரம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மேனேஜர் இதைச் சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2020இல் பணி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பிந்தைய காலம் ஐந்தாண்டை எட்டாது. ஐந்தாண்டு தொடர்ச்சியாகப் பணியாற்றாதவருக்குப் பணிக்கொடை இல்லை. ஆனால், தொழிலாளியின் தவறு எதுவும் இல்லாமல் வேலை நின்றுபோன காலம் தொடர்ச்சியான பணியை முறிக்காது என்று அதே சட்டம் சொல்கிறது. ஊரடங்கில் குமுளியும் கம்பம்மெட்டும் போடிமெட்டும் அடைக்கப்பட்டது உங்கள் தாயாரின் தவறா? பாஸ் கொடுக்காததும் ஜீப் ஓடாததும் அவர் தவறா? எல்லை திறந்ததும் அவர் அதே தோட்டத்துக்குத் திரும்பியிருந்தால், 2011 தொடங்கி 2024 வரை ஒரே பணிக்காலம்தான். ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்தாரா என்ற கேள்விகூட, பணி இடையில் அறுந்தது என்று ஆகும்போதுதான் எழும். ஏல வேலை பருவ வேலை, ஆகவே குறைந்த கணக்குதான் என்று அடுத்து ஒரு வாதம் வரலாம். காய் எடுப்புக்குப் பருவம் உண்டு. ஆனால் களையெடுப்பு, கவாத்து, மருந்தடிப்பு என்று தோட்டம் ஆண்டு முழுவதும் ஆள் கேட்கிறது. அந்த வேலைகளையும் அவர் செய்திருந்தால் அதைத் தெளிவாக எழுதுங்கள்.

கணக்கு எளிது. 450 ரூபாயை 15ஆலும் 13 ஆண்டாலும் பெருக்கினால் 87,750 ரூபாய். கைக்கு வந்த 380 ரூபாயை வைத்துக் கணக்கிட ஒப்புக்கொள்ளாதீர்கள். இடையில் ஏஜென்ட் எடுத்த 70 ரூபாய் தோட்டம் உங்கள் தாயாரின் பெயரில் கொடுத்த கூலியே. பதின்மூன்று ஆண்டு நாள்தோறும் அதைப் பறிகொடுத்தவரிடம், போகும்போதும் மூன்றில் ஒரு பங்கு கேட்கிறார்கள். "இப்போதெல்லாம் பெண்களுக்கு வேலையில் அக்கறை இல்லை" என்று குறைப்படும் தோட்டக்காரர்கள் இதை ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும். சரத்தை ஒடிக்காமல், பிஞ்சை விட்டுவிட்டு முற்றிய காயை மட்டும் பார்த்து எடுப்பது அக்கறை இல்லாதவர் செய்யும் வேலையன்று.

விண்ணப்பத்தை முதலில் தோட்ட உரிமையாளருக்கு, ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விலகிய 30 நாளில் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பார்கள். தாமதம் ஒன்றையே காரணமாக்கி உரிமையை மறுக்க முடியாது. பதினைந்து நாளில் அவர் பதில் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமலிருந்தாலோ 90 நாளுக்குள் கேரளத் தொழிலாளர் துறையிடம் போக வேண்டும். வேலை நடந்த இடம் இடுக்கி மாவட்டம் என்பதால் தேனி அலுவலகத்தில் கொடுத்துப் பயனில்லை. மலையாள மனு எழுதித் தர ஆயிரம், இரண்டாயிரம் கேட்பவர்களையும் நம்பாதீர்கள். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் துறைத் தலைமைக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். தமிழிலேயே பதிலும் வர வேண்டும். இதை எழுதி ஒட்டக்கூட மனமில்லாத அலுவலகங்களால்தான் இடைத்தரகர்கள் வாழ்கிறார்கள். புற்றடியிலும் போடியிலும் ஏலக்காய் விலை மின்னணு ஏலத்தில் நொடியில் தெரிந்துவிடும் காலத்தில், ஒரு தொழிலாளி தன் பெயர் செக் ரோலில், அதாவது தோட்டத்தின் வருகைப் பதிவேட்டில், எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பார்க்க வழியில்லை என்பதை எந்த அரசும் அவமானமாகக் கருதவில்லை.

செக் ரோல் அவர்கள் கையில் இருப்பதால் உங்கள் பக்கச் சான்றுகளைச் சேருங்கள். வருங்கால வைப்புநிதி பிடித்திருந்தால் அந்தப் பாஸ்புத்தகத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும். அதைவிடப் பலமான சான்று வேறில்லை. வங்கியில் ஏறிய கூலி, போனஸ் சீட்டு, காய் எடை எழுதிய துண்டுச்சீட்டு, தோட்டத்தில் எடுத்த பழைய புகைப்படம் எதுவும் வீணாகாது. உடன் வேலை செய்த பெண்கள் இருவர் சாட்சி சொன்னால் போதும். அவர்கள் இன்னும் அதே ஜீப்பில் போய்வருகிறவர்கள் என்பதால், உரிமையாளருக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் அவர்கள் பெயரை எழுதாதீர்கள். விசாரணை நாள் குறிக்கப்பட்ட பிறகு, அவர்களிடம் சம்மதம் கேட்டு, அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள்.