உலகமயமாதலால் நமக்கு லாபமா, நஷ்டமா? திருப்பூரிலிருந்து ஒரு பதில்

"உலகமயமாதலின் பொருளாதார, பண்பாட்டு, சுற்றுச்சூழல் விளைவுகள் யாவை? மொத்தத்தில் அது நமக்கு நன்மையா, தீமையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் பார்த்தால் போட்டித் தேர்வுக்கோ கல்லூரிக் கட்டுரைக்கோ தயாராகிக்கொண்டிருப்பவர் என்று தோன்றுகிறது. நன்மைகள் ஒருபுறம், தீமைகள் மறுபுறம் என்று வரிசையாக எழுதிய விடை உங்களுக்கு எந்த வழிகாட்டி நூலிலும் கிடைத்துவிடும். என்னால் அப்படி எழுத முடியாது. நான் திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களுக்கு விலை போட்டுச் சரக்கு அனுப்பும்வரை பார்த்துக்கொள்பவராக, வேலை செய்கிறேன்; என் அம்மாவின் பிறந்த வீட்டார் நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஒரத்துப்பாளையம் அணைக்கு அந்தப்பக்கம் விவசாயம் செய்தவர்கள். இந்தத் தொழிலால் எங்கள் வீட்டுக்கு வந்த சம்பளமும், இதே தொழிலால் என் தாய்மாமா இழந்த தென்னந்தோப்பும் ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டன என்று யாராவது கூட்டிக் கழித்துச் சொன்னால் என்னால் ஏற்க முடியாது. லாபம் ஒருவர் கைக்கும் நஷ்டம் இன்னொருவர் தலைக்கும் போகும்போது, "மொத்தத்தில்" என்று போடப்படும் கணக்கு யாருடைய கணக்கு?

இப்படிச் சொன்னதுமே, "இந்தத் தொழிலில் சம்பாதித்துச் சாப்பிட்டுக்கொண்டே இதைக் குறை சொல்லலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நான் தொழிலை மூடச் சொல்லவில்லை. அம்மா, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேசைமுன் நின்று வாங்கிய சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் நான் பட்டம் படித்தேன். சொந்தக் காசு என்று ஒன்றைக் கையில் பார்த்தறியாத பெண்கள் வாரச் சம்பளத்தை எண்ணி வாங்கி, அதில் சீட்டுப் போட்டு, பெண் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்த நன்மையைச் சிறியது என்று சொல்பவர் அந்தச் சம்பளத்துக்காக ஒருநாளும் காத்திருந்திருக்க மாட்டார்.

பொருளாதாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் 1970களின் இறுதியில் ஐரோப்பாவுக்கு நேரடியாக அனுப்பத் தொடங்கியது. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதும் அதே சட்டை வாங்குபவருக்கு டாலர் கணக்கில் மலிவானது; ஆர்டர்கள் பெருகின. 1974 முதல் நடப்பிலிருந்த பல இழை ஒப்பந்தமும் அதன் தொடர்ச்சியும், வளர்ந்த நாடுகளுக்குள் எந்த நாட்டிலிருந்து எத்தனை துணி உருப்படி வரலாம் என்று கோட்டா வைத்துக் கட்டுப்படுத்தின. அந்தக் கோட்டா முறை 2005 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. இன்று இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்துதான் போகிறது. 2024-25இல் அதன் மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. கோட்டா போனதால் கதவு நமக்கு மட்டும் திறக்கவில்லை, எல்லோருக்கும் திறந்தது. மிகவும் பின்தங்கிய நாடு என்ற தகுதியால் பங்களாதேஷின் துணி ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தீர்வையின்றி நுழைந்தது. நம் துணிக்கோ 2025 வரை 9.6 விழுக்காடு தீர்வை இருந்தது. அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட வேண்டியவர் ஏற்றுமதியாளர். அவர் அதை, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்காரரிடம் தள்ளுவார். ஜாப் ஒர்க்காரர், தொழிலாளிக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் பீஸ் ரேட்டில் குறைப்பார். பையரிடமிருந்து, அதாவது வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து, முதலில் வருவது மாதிரித் துணியல்ல, இந்த விலைக்குள் முடித்துக் கொடு என்ற டார்கெட் பிரைஸ்தான். அந்த விலைக்கு நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் அனைத்தையும் அடக்கிக் காட்டுவதுதான் என் வேலை. நூல் விலை சந்தையில் முடிவாகிவிடுகிறது, அதில் கை வைக்க முடியாது. அழுத்த இடமிருப்பது கூலியிலும் சாயத்திலும் மட்டுமே.

சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உலகமயமாதலைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் "சுற்றுச்சூழல் மாசு" என்ற இரண்டு சொற்களுக்குள் இது அடங்கிவிடுகிறது. பருத்தியும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் ஒரேவகை மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழைமேல் ஏற்றுவதற்காக உப்பு போடுகிறார்கள். கறுப்பு, நேவி போன்ற அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு தேவைப்படும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் பிடித்துக்கொள்ளும். ஆனால் உப்பு செலவாவதே இல்லை, போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். பல ஆண்டுகளாகச் சாயப்பட்டறைகள் சுண்ணாம்பும் பெர்ரஸ் சல்பேட்டும் கலந்து கழிவைச் சுத்திகரித்தன. அதில் நிறம் படிந்து நீங்கியது, உப்பு அப்படியே ஆற்றில் இறங்கியது. கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒரு லிட்டரில் 60 கிராம் போட்ட தண்ணீர், அலசிய தண்ணீரோடு எவ்வளவுதான் கலந்தாலும் அந்த அளவுக்குள் எப்படி வரும்?

நிறத்தை முடிவு செய்பவர் யார் என்பதையும் பாருங்கள். பையர் ஒரு நிற எண்ணைக் கொடுப்பார். அதற்கு ஏற்றபடி சிறு துண்டில் சாயமேற்றி லேப் டிப் அனுப்புவோம். அவர் ஒப்புதல் கொடுத்தபின் மொத்தத் துணியும் சாயமேறும். மொத்தத் துணியின் கறுப்பில் ஒரு துளி சிவப்புச் சாயல் தெரிகிறது என்று பல ஆயிரம் மைல் தொலைவில் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்த ஒருவர் சொன்னால், அந்த லாட் முழுவதும் மறுபடி தொட்டிக்குள் இறங்கும்: மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு. அந்த மறுசாயச் செலவு ஏற்றுமதியாளருக்கோ பட்டறைக்காரருக்கோ உரியது. தண்ணீரின் செலவு எந்தக் காகிதத்திலும் இல்லை.

அந்த உப்புத் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாகி, தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. என் தாய்மாமாவின் கிணற்று நீரைப் பார்த்தால் கெட்டுப்போனது என்று யாருக்கும் தோன்றாது. "தண்ணி பளிங்காட்டத்தான் இருக்குது அம்மிணி, மாடு மோந்து பாத்துட்டுத் தலையத் திருப்பிக்குது" என்று அவர் சொல்வார். குரும்பைகள் உதிர்ந்தன, காய் சிறுத்தது, பிறகு மட்டைகள் காய்ந்து தொங்கின. பாத்திகளில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பாதிக்கப்பட்ட 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சூழலியல் இழப்பு ஆணையம் கணக்கிட்ட இழப்பீடு ஏறத்தாழ 25 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள்: சராசரியாக ஒருவருக்கு ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு தென்னை காய்ப்புக்கு வரவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதை அறிந்தவருக்கு அந்தத் தொகையின் பொருள் புரியும்.

"நம் நாட்டுச் சட்டத்தை நாம் நடைமுறைப்படுத்தவில்லை என்றால் அதற்கு உலகமயமாதல் என்ன செய்யும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உள்நாட்டில் விற்ற துணியும் அதே பட்டறைகளில்தான் சாயமேறியது. எல்லாப் பழியையும் வெளிநாட்டார்மேல் போடுவது என் நோக்கமன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இந்தியாவில் வந்ததும் 1974, துணிக் கோட்டா ஒப்பந்தம் நடப்புக்கு வந்ததும் 1974. கோட்டா விதி கடைசி உருப்படிவரை எண்ணி நிறைவேற்றப்பட்டது, ஏனென்றால் அதை மீறினால் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும். நீர்ச் சட்டத்தை மீறினால் எந்தச் சரக்கும் நிற்கவில்லை. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சொந்தக் காசில் வழக்கு நடத்தி, 2009இல் உச்ச நீதிமன்றம்வரை போய், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற தீர்ப்பைப் பெற்ற பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டபோதுதான் நின்றது.

அந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன, எங்கள் கிடங்கில் சாயமேறாத துணி உருளைகள் கூரையைத் தொட்டு அடுக்கிக் கிடந்தன, டைலர்களுக்கு வேலையில்லை, அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிலைமையை விளக்கி எங்கள் ஐரோப்பியப் பையருக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன்: ஆறு, அணை, வழக்கு, தீர்ப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். சரக்கு குறித்த தேதிக்குக் கப்பலேறுமா, இல்லையென்றால் உங்கள் செலவில் விமானத்தில் அனுப்புவீர்களா என்பது மட்டுமே பதிலாக வந்தது. அதே வாரம் மாமா தொலைபேசியில் பேசினார். பல ஆண்டுப் போராட்டம் வென்ற மகிழ்ச்சி அவர் குரலில் இருந்தது, ஆனாலும் நான் வாழ்த்துச் சொல்வதற்குள், "ஏம்மிணி, உங்களுக்கு வேலைக்கு ஏதும் சிரமமாயிருமா?" என்று கேட்டார். ஆற்றை இழந்தவர் அதைக் கேட்டார். அந்த ஆற்றின் விலையில் மலிவான துணி வாங்கியவருக்கு அப்படி ஒரு கேள்வியே எழவில்லை.

அதன்பின் கழிவே வெளியேறாத முறை கட்டாயமாயிற்று. சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கியும் தண்ணீரில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். உப்பையும் பெருமளவு மீட்கிறார்கள். இது உண்மையான சாதனை, இதற்காகத் திருப்பூர் பெருமைப்படலாம். ஆனால் ஆவியாக்கக் கொதிகலனுக்கு விறகு எரிய வேண்டும். மீட்க முடியாத கலப்பு உப்பும் கசடும் நிலையங்களில் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. சாயக்கூலி ஏறியது. ஏறிய கூலியைக் காட்டி விலை கேட்டபோது, கழிவுக்குக் கணக்குப் பார்க்காத இடங்களின் விலைப்பட்டியல்தான் பதிலாக எங்கள் முன் வைக்கப்பட்டது. விதியை மதிக்கும் ஊருக்குச் சந்தை பரிசு கொடுக்கவில்லை. மதிக்காத ஊர் ஒன்றைத் தேடிப்போவோம் என்றது.

பண்பாட்டு விளைவு என்றதும் எல்லோரும் உடை, உணவு, ஆங்கிலக் கலப்பு என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊர்த் துணிச் சந்தையான காதர்பேட்டையில், ஏற்றுமதியில் கழிந்த சட்டையை வாங்கி, நெஞ்சில் ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தின் பெயரோடு மாரியம்மன் நோன்பிக்கு வரும் பையன்களை நான் பார்க்கிறேன். அதனால் நோன்பிக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. மாறியது நேரம். ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் விற்பனைக்காக எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் ஓடும். காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரைக்கு வந்தால், வீட்டின் மாலைநேரம் என்று ஒன்று கிடையாது. வீட்டுப் பாடத்துக்கு உதவுவதும், பாட்டியிடம் பேசுவதும், கோயிலுக்குப் போவதும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நெருக்கியடிக்கப்படுகின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையும் பத்துப் பேர் தங்கும் ஓர் அறைக்குள் முடிந்துவிடுகிறது. அவர்களால் பண்பாடு கெடுகிறது என்று பேசுபவர்கள்மேல் எனக்குக் கடுங்கோபம் உண்டு. எங்கள் குடும்பம் ஆற்றை இழந்து நகரத்துக்கு வந்ததுபோலத்தான் அவர்களும் எதையோ இழந்து வந்திருக்கிறார்கள்.

பையர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்ற வாதத்தையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு, அடுத்த மாதமே சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் பெரிய நிறுவனங்கள் கையெழுத்திட்டன. தொழிற்சாலைக் கட்டடங்கள் சோதிக்கப்பட்டன. உலகமே பார்த்ததால் அது நடந்தது. ஓர் ஆறு இருபது ஆண்டுகளில் மெல்லச் சாவதை யாரும் படம் பிடிக்கவில்லை.

ஏற்பட்ட நன்மைகூட நம் கையில் உறுதியாக இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மேல் 50 விழுக்காடு தீர்வை விதித்தபோது, எங்கள் அமெரிக்க ஆர்டர்கள் பாதியில் நின்றன. மீதிக்குத் தள்ளுபடி கேட்டார்கள். முதலில் போனது அந்த அரை ஷிப்ட். மாலையை விழுங்குகிறது என்று நான் மேலே குறை சொன்ன அதே அரை ஷிப்டில்தான் பலர் பள்ளிக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த முடிவு எடுக்கப்பட்ட அறையில் அவர்கள் சார்பாகப் பேச எவரும் இருந்ததில்லை.

ஆகவே தேர்வுத்தாளில் நன்மை, தீமை என்று எழுதத்தான் வேண்டும் என்றால் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்படியானால் என்ன செய்யலாம் என்கிறாய் என்று கேட்டால், என் வேலைக்குள் அடங்கிய ஒன்றைத்தான் என்னால் சொல்ல முடியும். நாங்கள் பையருக்கு அனுப்பும் காஸ்டிங் ஷீட்டில், அதாவது செலவுக் கணக்குத் தாளில், லேபிளுக்கு ஓர் இடம் இருக்கிறது; பாலித்தீன் பைக்கும், அட்டைப் பெட்டிக்கும், ஒட்டும் டேப்புக்கும்கூட இருக்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மட்டும் சாயக்கூலிக்குள் புதைந்து, பேரம் பேசிக் குறைக்கக்கூடிய தொகையாகக் கிடக்கிறது. அதைத் தனியாகப் பிரித்து, குறைக்க முடியாத செலவாக எல்லா ஏற்றுமதியாளர்களும் ஒன்றாகக் காட்ட வேண்டும். எந்த நாட்டில் வாங்கினாலும் அந்தத் தொகையைக் கட்டியாக வேண்டும் என்று வாங்கும் நாடுகள் சட்டம் போட வேண்டும். ஒரு ஏற்றுமதியாளர் மட்டும் காட்டினால் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போகும், ஓர் ஊர் மட்டும் காட்டினால் பக்கத்து நாட்டுக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். கோட்டாவைக் கடைசி உருப்படிவரை எண்ணத் தெரிந்த நாடுகளுக்கு இதை எண்ணுவது கடினமான காரியமே அல்ல.