ஒன்றும் நடக்காத காடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கேம்பிரிட்ஜில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். வந்து மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. ஏப்ரல் பிறந்தாலே அலுவலகத்தில் "புளூபெல் பார்க்கப் போகவில்லையா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். வசந்தத்தில் காட்டுத் தரையில் பூக்கும் நீலப் பூ அது. சரி, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று போன சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகக் கிளம்பி, சஃபோக்கில் இருக்கும் பிராட்ஃபீல்ட் வுட்ஸ் என்ற காட்டுக்குப் போனேன்.

எனக்கு ஏமாற்றம்தான். நீலப் பூக்கள் இருந்தன, அழகாக இருந்தன, படம் எடுத்தேன். ஆனால் காட்டின் ஒரு பகுதியை அடியோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். கணுக்கால் உயரத்துக்கு வெறும் கட்டைகள். சில கட்டைகளின் மேல் முள்ளும் சுள்ளியும் குப்பையாகக் கிடந்தன. இன்னொரு பக்கம் ஆளுயர வேலி. இயற்கைக் காப்பிடம் என்று வாசலில் பலகை வைத்துவிட்டு உள்ளே மரம் வெட்டுகிறார்களே என்று கோபம்கூட வந்தது. பறவைச் சத்தம் பெரிதாக இல்லை. விலங்கு எதுவும் கண்ணில் படவில்லை. நான் வால்பாறையில் வளர்ந்தவன். இதைக் காடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. நாயோடு வந்த ஒரு பெரியவரைத் தவிர அங்கே யாரையும் பார்க்கவில்லை. அந்த அமைதி எனக்கு நிம்மதி தரவில்லை. யாருடைய நிலத்திலோ கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரியே இருந்தது. இங்குள்ளவர்கள் இந்த அமைதியை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? ஆங்கிலக் கிராமப்புறம் பற்றி நீங்கள் எழுதியிருப்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கோபப்பட்ட அந்த வெட்டிய பகுதிதான் அந்தக் காட்டிலேயே முக்கியமான இடம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிராட்ஃபீல்டில் மரம் வெட்டுவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1252ஆம் ஆண்டு முதல் அங்கே முறைவைத்து வெட்டியதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. அப்போது அந்தக் காடு பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துக்குச் சொந்தம். ஹேசல், ஆஷ் போன்ற மரங்களைக் குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்த பிறகு, தரையை ஒட்டி வெட்டுவார்கள். வசந்தத்தில் அதே தூரிலிருந்து கொத்தாகக் கம்புகள் கிளம்பும். நம் ஊரில் தைல மரத்தை வெட்டிவிட்டு மறுதாம்பு விடுவார்களே, அந்த வேலைதான். காட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து, வருடத்துக்கு ஒன்றிரண்டு துண்டுகளை வெட்டுவார்கள். கடைசித் துண்டு முடிவதற்குள் முதல் துண்டு மறுபடி வெட்டுக்கு வந்துவிடும். நடுநடுவே ஓக் மரங்களை மட்டும் உயர விடுவார்கள், அது வீட்டு உத்தரத்துக்கு. 1539இல், எட்டாம் ஹென்றி காலத்தில், மடத்தைக் கலைத்தார்கள். துறவிகள் போனார்கள், சொத்து கை மாறியது, காட்டில் வெட்டு மட்டும் நிற்கவில்லை.

வெட்டினால் மரம் சாகாதா என்று நீங்கள் கேட்கலாம். இந்த வகை மரங்களுக்கு வெட்டுதான் ஆயுளைக் கூட்டுகிறது. தன் போக்கில் விட்ட ஆஷ் மரம் இருநூறு ஆண்டு தாண்டுவது அபூர்வம். பிராட்ஃபீல்டில் வெட்டி வெட்டித் தழைத்த ஆஷ் தூர் ஒன்று, பல அடி அகலத்துக்கு வட்டமாகப் பரந்து, நடுவெல்லாம் உளுத்து, விளிம்பில் மட்டும் கம்பு விட்டு நிற்கிறது. அதற்கு ஆயிரம் வயதாவது இருக்கும் என்பது ஆலிவர் ராக்கமின் கணிப்பு. ராக்கம் உங்கள் கேம்பிரிட்ஜ்காரர், கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் இருந்தவர், 2015இல் காலமானார். ஆங்கிலக் காடுகளைப் பற்றி இன்று யார் எது பேசினாலும் அதில் பாதி அவரிடமிருந்து வந்ததுதான் (நான் இங்கே எழுதுவதையும் சேர்த்து). பழைய மடங்களின் கணக்கேடுகளைப் படித்துவிட்டு, அதே நிலத்துக்குப் போய்ச் சேற்றில் நடந்து சரிபார்ப்பார். நம் ஊர்க் காடுகளுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லையே என்று எனக்குப் பொறாமை உண்டு.

வெட்டிய இடத்தில் வெளிச்சம் இறங்கும். பல வருடம் இருட்டில் அடங்கிக் கிடந்த செடிகள் இரண்டாவது, மூன்றாவது வசந்தத்தில் பூத்துத் தள்ளும். ஏப்ரல் முதலில் வெள்ளை அனிமோனி, அதோடு வெளிர் மஞ்சளில் ஆக்ஸ்லிப், பின்னாலேயே புளூபெல். மேலே இலை மூடுவதற்குள் எல்லாம் பூத்து முடித்தாக வேண்டும். அதனால்தான் உங்கள் அலுவலகத்தில் ஏப்ரலில் அவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள். உலகத்துப் புளூபெல்லில் ஏறத்தாழ பாதி பிரிட்டனில்தான் இருக்கிறது என்பார்கள். ஆனால் எனக்கு அதைவிட ஆக்ஸ்லிப்தான் பெரிது. பிரிட்டனில் அது இயல்பாக வளர்வது சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ்ஷயர் எல்லைகள் கூடுகிற களிமண் பகுதியில்தான். எல்லோரும் நீலத்தைப் படம் எடுக்கப் போவதால் இந்த மஞ்சளை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

கட்டைகளின் மேல் கிடந்த சுள்ளிக் குப்பையை யாரும் அசட்டையாகப் போட்டுவிட்டுப் போகவில்லை. மான் வாய் வைக்காமலிருக்க வேண்டுமென்றே மூடி வைப்பது. ஆளுயர வேலியும் அதற்குத்தான். இங்கிலாந்தில் ஓநாயும் லின்க்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனையும் அழிந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது, மானைக் கட்டுப்படுத்த இப்போது துப்பாக்கியை விட்டால் வேறொன்றும் இல்லை. போதாக்குறைக்கு மன்ட்ஜாக். நீங்கள் வால்பாறையில் கேளையாட்டைப் பார்த்திருப்பீர்கள், அதன் சீனத்து உறவு இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ஃபோர்ட் பிரபுவின் வோபர்ன் மாளிகைத் தோட்டத்தில் அழகுக்கு வளர்த்தார்கள். அங்கிருந்து வெளியேறியதும், வெளியே கொண்டுபோய் விட்டதுமாகப் பெருகி, இப்போது தென் இங்கிலாந்து முழுக்கப் பரவிவிட்டது. புளூபெல், ஆக்ஸ்லிப், இளம் கம்பு எதையும் விடாது. விலங்கு எதுவும் கண்ணில் படவில்லை என்கிறீர்கள். அது உங்களைப் பார்த்திருக்கும்.

சரி, அந்த அமைதிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இடம்தான்.

அந்த அமைதி காட்டுக்கு இயல்பானது என்று நினைக்காதீர்கள். அதற்கு நூறு, நூற்றைம்பது வயதுக்கு மேல் இருக்காது. அதற்கு முன் பல நூறு ஆண்டுகள் குளிர்காலம் முழுக்க அங்கே கோடரிச் சத்தமும் வெட்டுக்கத்திச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். வசந்தத்தில் ஓக் மரத்தைச் சாய்த்துப் பட்டை உரிப்பார்கள், தோல் பதனிட. ஹேசல் கம்பைப் பிளந்து ஆட்டுப் பட்டிக்குப் படல் பின்னுவார்கள். ஆஷ் கம்பில் வைக்கோல் வாரும் வாரியும் நீண்ட புல்லரிவாளுக்குப் பிடியும். பக்கத்து ஊரான வெல்னெத்தமில் இதற்கென்றே ஒரு தொழிற்கூடம் இருந்தது. மிச்சமெல்லாம் அடுப்புக்கு. பிராட்ஃபீல்டிலிருந்து லாவன்ஹாம் தூரமில்லை, ஒருமுறை போய் அங்குள்ள பழைய மரவீடுகளைப் பாருங்கள். 1530 வாக்கில் கட்டிய கில்டு ஹால், அந்தக் காலச் சங்கம் ஒன்றின் கூடம், இன்னும் நிற்கிறது. அந்தக் கால வீடுகளில் ஓக் சட்டங்களுக்கு நடுவே சுவருக்குள் இருப்பது இப்படிப்பட்ட காடுகளில் வெட்டிய கம்புதான். கம்பைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பியிருப்பார்கள்.

ரயில் வந்து நிலக்கரியை ஊர் ஊராக இறக்கியதும் விறகுக்கு மவுசு போயிற்று. அப்புறம் இரும்பு வாரி, கம்பி வேலி, இரண்டு உலகப் போர்கள். பெரும்பாலான காடுகளில் வெட்ட ஆள் வருவது நின்றது. காடு அமைதியானது. அங்கே கம்பு வெட்டிப் பிழைத்தவனுக்கு அது வேலை போன அமைதி. நகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறவனுக்கு அதுவே ஓய்வு. இங்கிலாந்து கொண்டாடுவது இரண்டாமவனின் அமைதியைத்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அதை அனுபவித்திருக்கிறேன். ஆனால் "கைபடாத காடு" என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஒவ்வாமை வருகிறது. ஹேசலை ஐம்பது அறுபது வருடம் வெட்டாமல் விட்டால் காடு இருண்டுவிடும். கீழே பூ குறையும், பூ குறைந்தால் பட்டாம்பூச்சி குறையும். நைட்டிங்கேல் கூடு கட்டுவது வெட்டி ஐந்தாறு வருடமான அடர்ந்த இளம் புதரில்தான். அந்தப் பறவை இங்கிலாந்தில் ஐம்பது ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துபோனதற்கு மானும், மேற்கு ஆப்பிரிக்காவில் அது குளிர்காலம் கழிக்கும் இடங்களின் நிலையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. வெட்டு நின்றது அதில் ஒரு முக்கியக் காரணம்.

வால்பாறைக்காரர் வெட்டைப் பார்த்துக் கோபப்படுவதில் நியாயம் உண்டு. அங்கே சோலையை வெட்டியது தேயிலை வைக்க, போன சோலை திரும்பவில்லை. பிராட்ஃபீல்டுக்கும் அந்த ஆபத்து வந்தது. 1960களில் மங்க்ஸ் பார்க் வுட் என்ற பகுதியின் பெரும்பாகத்தை வேரோடு பிடுங்கி வயலாக்கிவிட்டார்கள். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் இது சாதாரணம், விளைநிலத்தைக் கூட்ட அரசே மானியம் கொடுத்தது. பிடுங்காத இடங்களில் ஊசியிலை மரம் நட்டார்கள். பிராட்ஃபீல்டின் மீதியை 1970இல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று விலைக்கு வாங்கியதால் அது தப்பியது. இப்போது சஃபோக் வைல்ட்லைஃப் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது. எழுநூறு வருடம் வெட்டியும் அழியாத காடு, சில வருட புல்டோசரில் பாதி போயிருக்கிறது. எந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இப்போதைய கவலை வேறு. 2012இல் பிரிட்டனில் கண்டுபிடித்த ஆஷ் நோய், ஒரு பூஞ்சை. நாட்டின் ஆஷ் மரங்களில் 80 சதவீதம் வரை போய்விடலாம் என்கிறார்கள். அந்த ஆயிரம் வருடத் தூரும் ஆஷ்தான்.

யாருடைய நிலத்திலோ நுழைந்த மாதிரி இருந்தது என்றீர்களே, அது உங்கள் நிறத்தால் மட்டும் வந்த கூச்சமல்ல, அந்த நாட்டு ஏழைக்கும் இருந்த கூச்சம். பொது நிலங்களை வேலி போட்டு வளைத்ததும், முயல் பிடித்தவனைச் சிறையில் தள்ளியதும் அங்கே பழைய கதை. 1932இல் கிண்டர் ஸ்கவுட் மலையில் மான்செஸ்டர் தொழிலாளிகள் கூட்டமாக அத்துமீறி ஏறினார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, புதர்வெளி போன்ற திறந்த நிலங்களில் சுற்றித் திரியும் உரிமையைக் கொடுத்தது. அது இங்கிலாந்தில் சுமார் 8 சதவீத நிலம்தான், பெரும்பாலான காடுகள் அதில் வராது. ஆனால் பொது நடைபாதைகள் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை வரைபடத்தில் பச்சைக் கோடுகளாக இருக்கும். அந்தக் கோட்டில் நீங்கள் நடந்தால், நிலத்துக்காரர் எவ்வளவு பெரிய பிரபுவானாலும் தடுக்க முடியாது. பிராட்ஃபீல்டில் அந்தக் கவலையே இல்லை, அது மக்கள் வருவதற்காகவே திறந்து வைத்த இடம். நாயோடு வந்த பெரியவரிடம் "மார்னிங்" என்று சொல்லிவிடுங்கள், மதியமாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே அறிமுகம் அவ்வளவுதான், அதற்கு மேல் அவரும் எதிர்பார்க்க மாட்டார்.

மறுபடி போவதாக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போகாதீர்கள். எந்தப் பறவையும் அந்த நேரத்தில் மெனக்கெட்டுப் பாடாது. மே முதல் வாரத்தில், பொழுது விடிவதற்கு அரை மணி முன்னால், ஐந்து மணிவாக்கில் அங்கே நில்லுங்கள். ராபின், பிளாக்பேர்ட், ரென், பிளாக்கேப் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாத அளவுக்குப் போகும். ஒன்றும் நடக்காத காடு என்று அப்புறம் எழுத மாட்டீர்கள். அது களிமண் பூமி, ஷூ நாசமாகும், முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். புளூபெல்லுக்குள் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம், மிதிபட்ட இலை அந்த வருடம் தேறாது. வீட்டுக்கு வந்ததும் காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அது கடித்து வரும் லைம் நோய் விளையாட்டல்ல.

காட்டின் விளிம்பையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். பழைய காடுகளின் எல்லை நேர்கோட்டில் போகாது, வளைந்து வளைந்து போகும். வெளியே பள்ளம், உள்ளே மேடு என்று மண்ணில் ஒரு வரம்பு தெரியும். மேய்கிற மாடு உள்ளே வராமலிருக்க இடைக்காலத்தில் மண்வெட்டியால் வெட்டிப் போட்டது. இங்கிலாந்தில் 1600க்கு முன்பிருந்தே காடாக இருந்துவரும் இடத்தைத்தான் தொன்மையான காடு என்று கணக்கில் எடுக்கிறார்கள். அனிமோனி நூறு வருடத்துக்கு ஆறடிதான் நகரும் என்று ஒரு கணக்கு உண்டு. அதை வைத்துக்கொண்டு உங்கள் காலடியில் இருக்கும் அனிமோனித் திட்டைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இப்படிப்பட்ட காடுகளில் வெட்டு வேலையில் பெரும்பங்கைத் தன்னார்வலர்கள் செய்கிறார்கள். இலை உதிர்ந்ததும் தொடங்கி, பறவைகள் கூடு கட்டுவதற்கு முன் முடித்துவிடுவார்கள். அக்டோபர் வாக்கில் டிரஸ்டுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கையுறையும் கத்தியும் பெரும்பாலும் அவர்களே கொடுப்பார்கள். டீயை மட்டும் பிளாஸ்கில் நீங்களே போட்டுக் கொண்டுபோங்கள், அவர்கள் போடுவது வால்பாறைக்காரர் குடிக்கிற டீ அல்ல.

அன்புடன்.