ஒவ்வோர் இரவும் அதே சோலோ

அன்புள்ள ஐயா,

எழுபதுகளின் ஆங்கில ராக் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘யு.கே.’ குழுவை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஜான் வெட்டன் (பாட்டு, பேஸ் கிட்டார்), பில் ப்ரூஃபோர்ட் (டிரம்ஸ்), எடி ஜாப்சன் (கீபோர்டு, வயலின்), ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் (கிட்டார்) என நால்வருமே பெரிய கைகள். நால்வரும் சேர்ந்து ஈராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லையே, ஏன்? அப்போது கிளம்பிய எளிய, முரட்டு ராக்கான பங்க் அலையா, ஆணவமா?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

ஒரே வரியில் கடந்தது என் பிழைதான். ஆனால் பங்க் மீது பழி போட வேண்டாம். அந்த வீடு உள்ளிருந்தே விரிசல் விட்டது.

வெட்டனும் ப்ரூஃபோர்டும் கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவில் ஒன்றாக வாசித்தவர்கள். 1974-இல் அது கலைந்தது. 1977-இல் புதுக்குழு தொடங்கியபோது ஆளுக்கொருவரை அழைத்து வந்தார்கள்: வெட்டன் ஜாப்சனை, ப்ரூஃபோர்ட் ஹோல்ட்ஸ்வொர்த்தை. கட்சி பிரிந்தது அப்போதே. பாட்டு வேண்டுமென்று முதல் இருவர், ஜாஸ் பக்கம் சாய்ந்தவர்கள் மற்ற இருவர்.

1978-இல் வந்த முதல் இசைத்தட்டில் ‘இன் த டெட் ஆஃப் நைட்’ பாட்டைக் கேளுங்கள். ஏழு எண்ணிக்கையில் ஓடுவது. மிஸ்ர சாபு பழகிய காதுக்கு முதல் சுற்றிலேயே பிடிபட்டுவிடும். நடுவே ஹோல்ட்ஸ்வொர்த்தின் கிட்டார் சோலோ. வலக்கை தந்தியை மீட்டுவது குறைவு. இடக்கை விரல்களே தந்தியைத் தட்டித் தட்டி ஸ்வரங்களை எழுப்புகின்றன. அதனால் கிட்டாரின் ‘டங்’ என்ற தொடக்க ஒலி மறைந்து, யாரோ மூச்சடக்கி ஊதுவதுபோல இருக்கிறது. அவர் இளமையில் ஆசைப்பட்டதும் சாக்ஸஃபோனுக்குத்தான்.

சண்டையும் இங்கேதான். இசைத்தட்டில் உள்ளபடியே மேடையிலும் அதை வாசிக்க வேண்டும் என்று வெட்டனும் ஜாப்சனும் எதிர்பார்த்தார்கள். காசு கொடுத்து வந்தவன் தனக்குத் தெரிந்ததைக் கேட்க விரும்புவான் என்பது அவர்கள் நியாயம். ஹோல்ட்ஸ்வொர்த்தோ ஒவ்வோர் இரவும் புதிதாக வாசிக்க விரும்பினார். மேடையிலேயே பிறக்க வேண்டிய கற்பனாஸ்வரத்தைக் கேசட்டில் இருப்பதுபோல அப்படியே பாடு என்று ஒரு வித்வானிடம் சொல்லிப் பாருங்கள்! இதை ஆணவம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

அந்த ஆண்டுக்குள்ளேயே ஹோல்ட்ஸ்வொர்த்தும் ப்ரூஃபோர்டும் வெளியேற, நால்வர் இருவரானார்கள். டிரம்ஸுக்கு டெர்ரி போஸியோ வந்தார். கிட்டாருக்கு யாரையும் தேடவே இல்லை. மூவராக இன்னொரு தட்டு, ஜப்பானில் பதிவுசெய்த ஒரு மேடைத்தட்டு, 1980-இல் கதை முடிந்தது. வெட்டன் அடுத்து ஏஷியா என்ற குழுவில் சேர்ந்தார். 1982-இல் அவர்களின் முதல் தட்டு அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. ஹோல்ட்ஸ்வொர்த் தன் வழியில் போனார். கிட்டார் வாசிப்பவர்கள் அவரைத் தேடிப் போனார்கள். 2017-இல் சில மாத இடைவெளியில் வெட்டனும் ஹோல்ட்ஸ்வொர்த்தும் இறந்தார்கள்.

அந்த ஜப்பான் பதிவிலும் இதே பாட்டு உண்டு. சோலோ வரும் இடத்தில் கிட்டார் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.